ஜெனரலுக்குச் சிறை போதவில்லையா? பியோத்தர் கிரிகோரென்கோவும் சோவியத் மனநலக் காவலும்

1969 ஆகஸ்டில் தாஷ்கண்ட் நகர மனநல மருத்துவர்கள் 61 வயதுக் கைதி ஒருவரைப் பரிசோதித்தார்கள். பேராசிரியர் டெட்டென்கோஃப் அந்தக் குழுவின் தலைவர். கைதிக்கு மனநோய் எதுவும் இல்லை, அவர் செய்தவை எல்லாம் நோக்கத்தோடு, தெரிந்தே செய்தவை, மருத்துவமனையில் சேர்த்து மேலும் சோதிக்க வேண்டியதில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதே மனிதரை விமானத்தில் மாஸ்கோவுக்குக் கொண்டுபோய், செர்ப்ஸ்கி தடயவியல் மனநல நிறுவனத்தில் இன்னொரு குழுவின் முன்னால் நிறுத்தினார்கள். அந்தக் குழு, "சீர்திருத்தக் கருத்துகளோடு கூடிய" சந்தேகப் பிறழ்வு கொண்ட ஆளுமை என்று எழுதியது. மூளை ரத்தக்குழாய்கள் தடிக்கத் தொடங்கியிருப்பதையும் சேர்த்துக்கொண்டது. தன் செயலுக்குப் பொறுப்பேற்க முடியாதவர், கட்டாயச் சிகிச்சை வேண்டும் என்று முடித்தது.

சீர்திருத்தம் பற்றி யோசிப்பது நோயின் அறிகுறியாக ஓர் அரசு ஆவணத்தில் இடம்பெற்றிருக்கிறது. அந்தக் கைதியின் பெயர் பியோத்தர் கிரிகோரென்கோ. சில ஆண்டுகள் முன்புவரை சோவியத் ராணுவத்தில் மேஜர் ஜெனரல். சோவியத் அரசிடம் சிறைகளுக்கும் முகாம்களுக்கும் பஞ்சமே இல்லை. அப்படியிருக்க, போரில் ரத்தம் சிந்திய ஒரு தளபதியை அடக்க மருத்துவர்களின் கையெழுத்து ஏன் தேவைப்பட்டது? அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்த்தால் பதில் தெரியும்.

அவர் 1907 அக்டோபரில் தெற்கு உக்ரைனில் பொரிசோவ்கா என்ற கிராமத்தில் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தார். தாய் சிறுவயதிலேயே டைஃபஸ் காய்ச்சலில் இறந்துவிட்டார். உள்நாட்டுப் போர் ஓய்ந்த கையோடு ஊரில் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பான கொம்சொமோலில் முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர். பிறகு டான்பாஸ் பகுதியில் ரயில் பட்டறையில் வேலை, இருபது வயதில் கட்சி உறுப்பினர், கார்கிவில் தொழில்நுட்பப் படிப்பு, அங்கிருந்து ராணுவப் பொறியியல் அகாடமி. புரட்சி இல்லாமல் போயிருந்தால் இப்படி ஒரு பையன் படித்திருக்கவே மாட்டான். கிரிகோரென்கோவும் அதைக் கடைசிவரை மறுக்கவில்லை. தனக்குக் கிடைத்த அனைத்தும் சோவியத் ஆட்சி கொடுத்தது என்று முழுமனதோடு நம்பிய தலைமுறை அது.

நம்பியவர் செய்யச் சொன்னதைச் செய்தார். கூட்டுப்பண்ணைகளை அமைக்கும் காலத்தில் கிராமங்களுக்குப் போனார். 1934இல் அகாடமியை முடித்து பெலாரூஸில் பணியேற்றபோது, பழைய தேவாலயங்களை வெடிவைத்துத் தகர்க்கும் வேலையும் அவரிடம் வந்தது. அதையும் செய்தார். முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இவற்றை அவர் மறைக்கவில்லை. கட்டளை வந்தது, செய்தேன் என்று தள்ளிவிடவும் இல்லை. தான் செய்த பிழைகளாகவே எழுதினார். பின்னாளில் அவர் அரசை நோக்கிக் கேட்ட கேள்விகளுக்குக் கனம் வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். வெளியே நின்று குறை சொன்னவர் அல்ல அவர்.

பெலாரூஸில் அவர் பார்த்த இன்னொரு வேலை பின்னால் பெரிதாகத் தலைதூக்கியது. மின்ஸ்க் நகருக்கு முன்னால் எல்லைக் காப்பு அரண்கள் கட்டும் பணி. கான்கிரீட் பதுங்கு அறைகள், பீரங்கி மேடைகள், ஒன்றுக்கொன்று துணைநிற்கும் சுடுதளங்கள் என்று நீண்ட வரிசை. 1939இல் போலந்தின் கிழக்குப் பகுதியை சோவியத் எடுத்துக்கொண்டதும் எல்லை மேற்கே நகர்ந்தது. பழைய அரண்களிலிருந்து ஆயுதங்களைக் கழற்றினார்கள். புதிய எல்லையில் கட்டத் தொடங்கிய அரண்கள் 1941 ஜூன் மாதம் வரை முடியவில்லை. ஜெர்மானியப் படை ஜூன் 22ஆம் தேதி தாக்கியது. ஒரு வாரத்துக்குள், ஜூன் 28இல், மின்ஸ்க் விழுந்தது. தான் நின்று கட்டிய சுவர்கள் ஆளில்லாமல், துப்பாக்கியில்லாமல் கிடந்தன என்பதை ஒரு பொறியாளர் எப்படி மறப்பார்?

அந்த நேரத்தில் அவர் தூரக் கிழக்கில் இருந்தார். 1939இல் மங்கோலிய எல்லையில் கால்கின் கோல் ஆற்றங்கரையில் ஜப்பானியருக்கு எதிராக நடந்த போரில் பங்கெடுத்துக் காயமடைந்தவர், 1943 வரை அந்தப் பக்கமே பணியில் இருந்தார். கால்கின் கோலில் அவருடைய மேலதிகாரி கிரிகோரி ஷ்டெர்ன். அங்கே களத்தில் படையை நடத்திய தளபதி ஜுகோவ் தலைமையில் நடந்த ராணுவ நீதிமன்றங்கள் அதிகாரிகளுக்கு வரிசையாக மரண தண்டனை விதித்தன என்றும், ஷ்டெர்ன் தலையிட்டு அவர்களைக் காப்பாற்றினார் என்றும் கிரிகோரென்கோ பதிவுசெய்திருக்கிறார். அந்த ஷ்டெர்னையே 1941 அக்டோபரில், ஜெர்மானியர் மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, சொந்த அரசு சுட்டுக் கொன்றது. போர் தொடங்கிய சமயத்தில் தலைமையின் தவறுகளைப் பற்றி வாய்விட்டுப் பேசியதற்காகக் கிரிகோரென்கோ கட்சிக் கண்டனம் ஒன்றையும் வாங்கினார். அது அவருக்கு முதல் எச்சரிக்கை.

மேற்குப் போர்முனைக்கு வந்த பிறகு மறுபடியும் காயம்பட்டார். கார்ப்பாத்திய மலைகளைத் தாண்டி செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் போன படைகளில், ஒரு டிவிஷனின் தலைமைப் பணியாளர் அதிகாரியாகப் போரை முடித்தார். பதவி கர்னல். மார்பில் லெனின் விருது உட்படப் பல பதக்கங்கள். அந்த டிவிஷன் சேர்ந்திருந்த 18ஆம் ராணுவத்தில் அரசியல் பிரிவை நடத்தியவர் லியோனித் பிரெஷ்னேவ். பின்னாளில் கிரிகோரென்கோ இரண்டாம் முறை அடைக்கப்பட்டபோது நாட்டை ஆண்டவரும் அவர்தான்.

போருக்குப் பிறகு 16 ஆண்டுகள் மாஸ்கோவின் ஃப்ரூன்ஸே ராணுவ அகாடமியில் ஆசிரியர், ஆய்வாளர். படை நடத்துவதைக் கணக்காகவும் தகவல் ஓட்டமாகவும் பார்க்கும் புதிய துறையான ராணுவச் சைபர்நெட்டிக்ஸை அங்கே அவர் பொறுப்பேற்று நடத்தினார். 1959இல் மேஜர் ஜெனரல் ஆனார். நல்ல வீடு, மாதம் 800 ரூபிள் சம்பளம், மரியாதை. அத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இன்று யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது.

1961 செப்டம்பர் 7. மாஸ்கோவின் லெனின் வட்டாரக் கட்சி மாநாடு. புதிய கட்சித் திட்டத்தின் வரைவைப் பற்றிய விவாதம் என்று பெயர். கைதட்டிவிட்டுக் கலையும் கூட்டம். ஸ்டாலின் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்டாலினைத் தெய்வமாக்கிய தனிநபர் வழிபாட்டை அவருக்குப் பின் வந்த தலைவர் குருஷேவ் கண்டித்து ஐந்து ஆண்டுகள். கிரிகோரென்கோ மேடையேறி, அந்த வழிபாடு இன்னொரு பெயரில் திரும்பி வரும் ஆபத்தைச் சொன்னார். தேர்தல்கள் உண்மையான தேர்தல்களாக நடக்க வேண்டும், பதவியில் இருப்பவர்கள் மாற்றப்படக்கூடியவர்களாக இருக்க வேண்டும், அதிகாரிகளின் சலுகைகள் குறைய வேண்டும் என்றார். எல்லாம் லெனின் சொன்னவையே. மேடையில் இருந்தவர்கள் நிறுத்தப் பார்த்தார்கள், கூட்டம் பேசவிடச் சொன்னது. இடைவேளைக்குப் பிறகு அதே கூட்டத்தை வைத்தே அவருடைய பிரதிநிதித்துவத்தைப் பறித்தார்கள். கட்சியின் கடும் கண்டனம், அகாடமி வேலை போனது. ஜப்பான் கடலுக்குப் பக்கத்தில் உசூரிஸ்க் நகரத்துக்கு மாற்றல்.

இந்தப் பேச்சில் சோவியத் ஆட்சிக்கு எதிரான ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் சிக்கலே. எதிரி என்று ஒருவரை முத்திரை குத்த வேண்டுமானால் அவர் வெளிநாட்டின் கையாளாகவோ, பழைய சுரண்டும் வர்க்கத்தின் மிச்சமாகவோ இருக்க வேண்டும். இவரோ விவசாயி மகன், 34 ஆண்டு கட்சிக்காரர், போர்வீரர். லெனினை மேற்கோள் காட்டிப் பேசுகிறார்.

தூரக் கிழக்கில் இருந்த இரண்டு ஆண்டுகள் அவரை அமைதியாக்கவில்லை. 1963 இலையுதிர் காலத்தில் விடுப்பில் மாஸ்கோ வந்தபோது 'லெனினியத்தை மீட்கப் போராடும் சங்கம்' ஒன்றைத் தொடங்கினார். பெயர் பெரிது, ஆள் குறைவு. மகன்களும் அவர்களுடைய சில நண்பர்களும்தான். துண்டறிக்கைகளைத் தட்டச்சு செய்து ஆலை வாசல்களிலும் ரயில் நிலையத்திலும் கொடுத்தார்கள். அந்த ஆண்டு விளைச்சல் பொய்த்து, சோவியத் அரசு வெளிநாட்டிலிருந்து கோதுமை வாங்கிக்கொண்டிருந்தது. ஓர் அறிக்கை ரொட்டி ஏன் இல்லை என்று கேட்டது. நோவோசெர்காஸ்க் நகரில் 1962 ஜூனில் விலை உயர்வை எதிர்த்து ஊர்வலம் போன தொழிலாளர்களை ராணுவம் சுட்டதை இன்னொன்று சொன்னது. அந்தப் படுகொலையை நாட்டின் பத்திரிகைகள் ஒரு வரிகூட எழுதவில்லை. பதவியில் இருக்கும் ஒரு ஜெனரல் அதைத் தாளில் அடித்துக் கொடுக்கிறார்!

1964 பிப்ரவரி 1ஆம் தேதி கைது. வழக்கு நடந்தால் அவரை எதற்காகத் தண்டிப்பது? துண்டறிக்கையில் இருந்ததை நீதிமன்றத்தில் வாசிக்க வேண்டும், நோவோசெர்காஸ்க் பெயர் வெளியே வரும், அவரும் எழுந்து பேசுவார். சோவியத் ரகசியப் போலீஸான கேஜிபி வேறு வழியில் போனது. செர்ப்ஸ்கி நிறுவனம் பொறுப்பேற்க முடியாதவர் என்று சான்று கொடுத்தது. கோடையில் உச்ச நீதிமன்றத்தின் ராணுவப் பிரிவு அவரை லெனின்கிராடின் சிறப்பு மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது. ஆகஸ்டில் அவருடைய ஜெனரல் பதவியைப் பறித்து அவரைச் சாதாரணச் சிப்பாயாக்கினார்கள். ஓய்வூதியமும் போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மனநோயால் ஒருவர் பொறுப்பேற்க முடியாதவர் என்றால் அவர் குற்றவாளி அல்ல. குற்றவாளி அல்லாதவரின் பதவியை எந்தச் சட்டத்தின் கீழ் பறிப்பது? நோய்வாய்ப்பட்ட அதிகாரிக்கு ஓய்வும் ஓய்வூதியமும் கிடைக்க வேண்டும், சோவியத் விதிகளும் அப்படித்தான் சொல்லின. பதவியைப் பறித்தது தண்டனை. அவர் தெரிந்தே செய்தார் என்று அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கிரிகோரென்கோ இந்த முரணைத் திரும்பத் திரும்ப எழுத்தில் கேட்டார். பதில் வரவில்லை.

'சிறப்பு மனநல மருத்துவமனை' என்பதும் சாதாரண மருத்துவமனை அல்ல. அது சுகாதார அமைச்சகத்தின் கீழ் வராது. உள்துறை அமைச்சகம், அதாவது போலீஸ் துறை நடத்துவது. கட்டடங்கள் பெரும்பாலும் பழைய சிறைகள். மருத்துவர்கள் சீருடை அதிகாரிகள், ஏவல் ஊழியர்களாக வேலைபார்த்தவர்கள் தண்டனைக் கைதிகள். கொலை செய்த உண்மையான மனநோயாளிகளும் அரசியல் கைதிகளும் ஒரே கூரையின் கீழ். சிறைத் தண்டனைக்காவது முடிவு தேதி உண்டு. இங்கே அதுவும் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் குழு கூடும், இன்னும் குணமாகவில்லை என்று எழுதும். எப்போது குணமாகும்? நான் சொன்னதெல்லாம் நோயின் விளைவு என்று கைதி ஒப்புக்கொள்ளும்போது. மறுத்தால், தன் நோயைத் தானே உணராதது அந்த நோயின் தீவிரம். தப்ப வழியில்லாத வட்டம்.

1964 அக்டோபரில் குருஷேவ் பதவியிழந்தார். குருஷேவை விமரிசித்தவரை வைத்திருக்கும் அவசரம் புதிய தலைமைக்கு இல்லை. 1965 ஏப்ரலில் வெளியே விட்டார்கள். பதவி திரும்பவில்லை. ஐம்பத்தேழு வயதில் முன்னாள் ஜெனரல் மாஸ்கோவில் காய்கறிக் கடைகளில் மூட்டை தூக்கினார். அடுத்த நான்கு ஆண்டுகளில்தான், என் கணிப்பில், அவர் வாழ்க்கையின் மிக நல்ல வேலைகள் நடந்தன. ரகசியச் சங்கம், துண்டறிக்கை என்ற பாதையை விட்டுவிட்டார். இனி எல்லாம் வெளிப்படை. கையெழுத்து, முகவரியோடு கடிதம். சோவியத் அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கும் உரிமையை எழுதியபடியே கேட்பது. அப்போது மெல்ல உருவாகிக்கொண்டிருந்த மனித உரிமை இயக்கம் முழுவதும் பிடித்த வழி அது. தட்டச்சுப் பிரதிகளாகக் கைமாறிப் பரவும் சமிஸ்தாத் எழுத்து அதன் பத்திரிகை.

முதலில் 1941. அந்தத் தோல்விகளைப் பற்றி நூல் எழுதிய வரலாற்றாசிரியர் அலெக்சாந்தர் நெக்ரிச்சை 1967இல் கட்சி வெளியேற்றியது. கட்சி வரலாற்று ஏடு ஒன்று அவரைத் தாக்கி எழுதியது. கிரிகோரென்கோ அந்த ஏட்டுக்கு நீண்ட பதில் எழுதினார். வரலாற்று உண்மையை மறைப்பது மக்களுக்கு எதிரான குற்றம் என்பது அதன் சாரம். எதிரியிடம் டாங்கும் விமானமும் அதிகம் இருந்ததால் தோற்றோம் என்ற அதிகாரபூர்வக் கதையை அவர் எண்களை வைத்தே உடைத்தார். தோல்விக்குக் காரணம் ஆயுதக் குறைவு அல்ல என்று வாதிட்டார். போருக்கு முன்பே படையின் தலையை வெட்டியிருந்தார்கள். ஐந்து மார்ஷல்களில் மூன்று பேர் 1937இலிருந்து 1939க்குள் அழிக்கப்பட்டார்கள், அவர்களுக்குக் கீழே அதிகாரிகள் ஆயிரக்கணக்கில். எல்லையில் விமானங்களைத் தரையிலேயே எரியவிட்டார்கள். பழைய அரண்களைக் கைவிட்டுவிட்டுப் புதியவற்றைக் கட்டி முடிக்கவில்லை. இந்தக் கடைசி விஷயத்தை எழுத அவரைவிடத் தகுதியானவர் யார்? தன் தொழிலை நேசித்த ராணுவப் பொறியாளரின் கோபம் அந்தக் கடிதத்தில் தெரிகிறது. ஏடு அதை வெளியிடவில்லை. சமிஸ்தாத்தில் நாடு முழுக்கப் பரவியது.

அடுத்தது கிரிமியத் தாத்தார்கள், கருங்கடலோரக் கிரிமியத் தீபகற்பத்தின் பூர்வீக மக்கள். 1944 மே 18 அதிகாலையில் தொடங்கி மூன்றே நாட்களில் அந்த மக்கள் மொத்தப் பேரையும், சுமார் 1,90,000 பேர், சரக்கு ரயில்களில் ஏற்றி உஸ்பெகிஸ்தானுக்கும் யூரல் பகுதிக்கும் கொண்டுபோனார்கள். ஜெர்மானியரோடு ஒத்துழைத்தார்கள் என்று ஓர் இனத்தின் மேலேயே குற்றச்சாட்டு. செம்படையில் சண்டையிட்டுத் திரும்பிய தாத்தார் வீரர்களும் நாடுகடத்தப்பட்டார்கள். வழியிலும் முதல் ஆண்டுகளிலும் பசியாலும் நோயாலும் செத்தவர்கள் ஏராளம். 1967 செப்டம்பரில் அரசு அந்தக் குற்றச்சாட்டை நீக்கியது. ஆனால் அதே ஆணையில் அவர்களை 'முன்பு கிரிமியாவில் வசித்த தாத்தார் தேசிய இனத்துக் குடிமக்கள்' என்று குறிப்பிட்டது. ஊர் திரும்ப நடைமுறையில் வழியில்லை.

இந்த மக்களோடு அவரைச் சேர்த்துவைத்தவர் அலெக்சேய் கோஸ்தெரின். பழைய போல்ஷெவிக் எழுத்தாளர், 17 ஆண்டுகளை தூரக் கிழக்கின் கொலிமா சிறை முகாம்களிலும் நாடுகடத்தலிலும் கழித்தவர். மகள் நீனா போரில் கெரில்லாப் படையில் சேர்ந்து 1941இல் இறந்தவர். நாடுகடத்தப்பட்ட சிறு இனங்களுக்காக விடாமல் எழுதிய மனிதர். 1968 மார்ச் 17 அன்று மாஸ்கோ உணவகம் ஒன்றில் கிரிமியத் தாத்தார்கள் கோஸ்தெரினின் பிறந்தநாள் விருந்து வைத்தார்கள். கோஸ்தெரின் உடல்நலமில்லாமல் இருந்தார். அவருக்குப் பதிலாகக் கிரிகோரென்கோ பேசினார்.

அந்தப் பேச்சின் மையக் கருத்து எளியது. ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள் தாத்தார்கள். ஒவ்வொரு மனுவிலும் தங்கள் விசுவாசத்தைச் சொல்லி, கருணை காட்டும்படி வேண்டினார்கள். சட்டப்படி உங்களுடையதைக் கெஞ்சிக் கேட்காதீர்கள், உரிமையோடு கோருங்கள் என்றார் கிரிகோரென்கோ. உங்கள் பிரச்சினை உங்களுக்கு மட்டுமானது என்று ஒதுங்காதீர்கள், மற்ற தேசிய இனங்களின் நேர்மையானவர்களையும் ஐக்கிய நாடுகள் சபையையும் துணைக்கு அழையுங்கள் என்றார். கேட்டவர்களில் பலர் இருபது ஆண்டு மனு எழுதிச் சலித்தவர்கள். பேச்சு கையெழுத்துப் பிரதிகளாக உஸ்பெகிஸ்தான் முழுவதும் போனது. அரசுக்கு இதைவிட ஆபத்தான எதையும் அவர் செய்யவில்லை என்று தோன்றுகிறது. தனி மனிதரின் கருத்தை ஒதுக்கிவிடலாம். ஓர் இனமே நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டால் என்ன செய்வது?

அந்த ஆண்டு கோடையில் கிரிகோரென்கோ, கோஸ்தெரின், லாத்வியாவில் கூட்டுப்பண்ணைத் தலைவராக இருந்த இவான் யாகிமோவிச் உட்பட ஐந்து கம்யூனிஸ்டுகள் மாஸ்கோவின் செக்கோஸ்லோவாக்கியத் தூதரகத்துக்குக் கடிதம் கொடுத்தார்கள். அந்த நாட்டின் தலைநகர் பிராக்கில் அப்போது நடந்துவந்த அரசியல் சீர்திருத்தங்களுக்கு வாழ்த்து. ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் அங்கே நுழைந்தன. 1945இல் அந்த நாட்டை விடுவிக்கப் போரிட்ட அதிகாரி, 1969 பிப்ரவரியில் படையைத் திரும்பப் பெறும்படி யாகிமோவிச்சோடு சேர்ந்து வெளிப்படையான வேண்டுகோள் விடுத்தார். கோஸ்தெரின் அதற்குள் இறந்திருந்தார். 1968 நவம்பரில் நடந்த அவருடைய இறுதிச் சடங்கை நூற்றுக்கணக்கானவர்கள் கலந்துகொண்ட அரசியல் கூட்டமாகவே மாற்றிவிட்டார் கிரிகோரென்கோ.

1969 மே தொடக்கத்தில் தாஷ்கண்டில் கிரிமியத் தாத்தார் செயல்பாட்டாளர்கள் பத்துப் பேரின் வழக்கு வரவிருந்தது. பொதுமக்கள் சார்பில் வாதாட வரும்படி அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. போனார். அழைப்பு பொய். மே 7 அன்று அங்கேயே கைது செய்தார்கள். மாஸ்கோவில் கைது செய்திருந்தால் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் கூடியிருப்பார்கள். சிறையில் அவர் உண்ணாவிரதம் இருந்தார். கைகால்களைக் கட்டிக் குழாய் வழியாகப் பலவந்தமாக உணவு ஊற்றினார்கள், அடித்தார்கள். அந்த நாட்களின் குறிப்புகளை எப்படியோ வெளியே அனுப்பினார்.

அப்புறம்தான் இரண்டு மருத்துவக் குழுக்களின் கதை. தாஷ்கண்ட் மருத்துவர்கள் செய்தது பெரிய துணிச்சல். மாகாணத்து மருத்துவர்கள், கேஜிபி கேட்ட பதிலைத் தரவில்லை. அதனால்தான் மாஸ்கோ தேவைப்பட்டது. செர்ப்ஸ்கி நிறுவனத்தின் இயக்குநர் கியோர்கி மரோசோவும் அரசியல் கைதிகளைக் கவனிக்கும் பிரிவின் தானியேல் லுன்ட்சும் அந்தக் குழுவில் இருந்தார்கள். 800 ரூபிள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த மனிதர் ஏன் இப்படிச் செய்தார் என்பது அவர்களுடைய கேள்விகளில் ஒன்று. மூச்சுவிட முடியவில்லை என்று பதில் சொன்னதாகக் கிரிகோரென்கோ எழுதியிருக்கிறார். வசதியை உதறிவிட்டு நியாயம் கேட்பவனுக்கு மூளை சரியில்லை என்பது அந்த நிறுவனத்தின் மருத்துவம். சோவியத் மனநல மருத்துவத்தில் அப்போது கோலோச்சிய அந்திரேய் ஸ்னெஷ்னேவ்ஸ்கியின் மாஸ்கோ சிந்தனைப் பள்ளி, வெளியே அறிகுறியே தெரியாமல் மெதுவாக வளரும் மனச்சிதைவு என்ற நோயை வரையறுத்து வைத்திருந்தது. மற்றப் பலருக்கு அந்தப் பெயர் ஒட்டப்பட்டது. கிரிகோரென்கோவுக்குக் கிடைத்த நோயின் பெயர் வேறு, பயன் ஒன்றுதான்.

1970 பிப்ரவரியில் தாஷ்கண்டில் விசாரணை. மனநோயாளி என்பதால் அவரை நீதிமன்றத்துக்கே கொண்டுவரவில்லை. முதலில் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. சோவியத் நீதிமன்றங்கள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் குற்றம்சாட்டப்பட்டவருக்குக் கடைசி உரை என்று ஒன்று உண்டு. அந்த உரைகள் சமிஸ்தாத்தில் பரவி, தண்டனையைவிட நீண்டநாள் வாழ்ந்தன. நோயாளிக்குக் கடைசி உரை கிடையாது. வழக்கறிஞர் சோஃபியா கல்லிஸ்திராதோவா இரண்டு குழுக்களின் முரண்பட்ட அறிக்கைகளையும் எடுத்துவைத்து, மூன்றாவதாகச் சுதந்திரமான ஒரு பரிசோதனை வேண்டும் என்று வாதாடினார். நீதிமன்றம் மறுத்தது.

அவரை அனுப்பிய இடம் செர்னியாகோவ்ஸ்க். பழைய கிழக்குப் பிரஷ்யாவின் இன்ஸ்டர்பர்க் நகரம். 1945 பிப்ரவரியில் அந்தப் பகுதியில் போரில் இறந்த இளம் படைத்தளபதி இவான் செர்னியாகோவ்ஸ்கியின் பெயரைப் போருக்குப் பின் அதற்கு வைத்தார்கள். கிரிகோரென்கோவை அடைத்த அறை ஏறக்குறைய 6 சதுர மீட்டர். கூட இருந்தவர் மனைவியைக் கொன்ற, பிதற்றிக்கொண்டே இருந்த ஒரு நோயாளி. மூன்று ஆண்டுகளுக்கு மேல். மனைவி ஸினயீதா மாஸ்கோவிலிருந்து பார்க்கப் போய்வந்தார், ஒவ்வொரு சந்திப்பைப் பற்றியும் எழுதினார், உலகத்துக்குச் சொன்னார். நோயை ஒப்புக்கொண்டு வெளியே வரும்படி மருத்துவர்கள் கேட்டார்கள். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

வெளியே ஒரு இளைஞர் அவருக்காகத் தன் வாழ்க்கையையே பணயம் வைத்தார். கீவ் நகர மனநல மருத்துவர் செம்யோன் குளுஸ்மன், அப்போது இருபதுகளின் நடுவில். கிடைத்த ஆவணங்களையும் கிரிகோரென்கோவின் எழுத்துகளையும் படித்து, அவருக்கு நோய் இல்லை என்று முறையான மருத்துவ அறிக்கையை 1971இல் எழுதினார். அடுத்த ஆண்டு கைது, ஏழு ஆண்டு முகாம், மூன்று ஆண்டு நாடுகடத்தல். முகாமில் விளாதீமிர் புக்கோவ்ஸ்கியைச் சந்தித்தார். கிரிகோரென்கோவைப் பற்றிய மருத்துவ அறிக்கைகள் உட்பட இத்தகைய வழக்குகளின் ஆவணங்களை 1971இல் மேற்கு நாட்டு மனநல மருத்துவர்களுக்கு அனுப்பிய குற்றத்துக்காக உள்ளே வந்தவர் புக்கோவ்ஸ்கி. மனநோயாளி என்று முத்திரை குத்தப்படாமல் விசாரணையில் எப்படிப் பதில் சொல்வது என்று மாற்றுக் கருத்தாளர்களுக்கு ஒரு கையேட்டை இருவரும் முகாமுக்குள்ளேயே எழுதினார்கள்.

உலக மனநல மருத்துவச் சங்கம் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1977இல் ஹொனலுலு மாநாட்டில்தான், மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில், சோவியத் நடைமுறையைக் கண்டித்தது. வெளியேற்றப்படும் நிலை வந்தபோது 1983இல் சோவியத் சங்கம் தானே விலகியது.

கிரிகோரென்கோவை 1973இல் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள சாதாரண மனநல மருத்துவமனைக்கு மாற்றி, 1974 ஜூன் 26 அன்று விட்டார்கள். மறுநாள் அமெரிக்க அதிபர் நிக்ஸன் மாஸ்கோவில் இறங்கினார். மருத்துவ முன்னேற்றத்துக்கும் அதிபரின் பயணத் திட்டத்துக்கும் இருந்த தொடர்பை விளக்க வேண்டியதில்லை. வயது 66, உடல் நலிந்திருந்தது. வீட்டில் இருந்தாரா? இல்லை. 1975இன் ஹெல்சிங்கி உடன்படிக்கையில் மனித உரிமைகளை மதிப்பதாக சோவியத் கையெழுத்திட்டிருந்தது. அதைக் கண்காணிக்க யூரி ஓர்லோவ் 1976 மே மாதம் தொடங்கிய மாஸ்கோ குழுவிலும், மிக்கோலா ருதென்கோ நவம்பரில் தொடங்கிய உக்ரைன் குழுவிலும் இவர் நிறுவன உறுப்பினர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஓர்லோவும் ருதென்கோவும் கைதானார்கள்.

1977 நவம்பரில் அறுவைச் சிகிச்சைக்காகவும் அங்கே குடியேறியிருந்த மகனைப் பார்க்கவும் அமெரிக்கா போக அனுமதி கிடைத்தது. போனதும் 1978 பிப்ரவரியில் குடியுரிமையைப் பறித்தார்கள். சொந்த மண்ணில் சாகும் உரிமை போய்விட்டதே என்று அவர் உடைந்துபோனார். அமெரிக்காவில் தானே முன்வந்து மனநல மருத்துவர்களின் பரிசோதனைக்கு உட்பட்டார். என்னிடம் நோய் இருந்தால் சொல்லுங்கள் என்றார். வால்டர் ரைஷ், ஹார்வர்டின் ஆலன் ஸ்டோன் உள்ளிட்டோர் அவரை நீண்ட நேரம் சோதித்து, இப்போதும் நோயில்லை, முன்பும் இருந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். 1987 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் இறந்தார். நியூஜெர்சியில் பவுண்ட் புரூக் ஊரின் உக்ரைனியக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். 1991இல் சோவியத் நாட்டிலேயே அவருடைய மருத்துவக் கோப்புகளை மறுபடி ஆராய்ந்து நோயில்லை என்று அறிவித்தார்கள். 1993இல் ரஷ்ய அதிபர் யெல்த்சின் ஜெனரல் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்.

கிரிமியத் தாத்தார்கள் 1980களின் கடைசியில் பெரும் எண்ணிக்கையில் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில் 1999இல் கிரிகோரென்கோவுக்குச் சிலை வைத்தார்கள், கீவில் ஒரு பெருஞ்சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. 2014இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது. அவரோடு சேர்ந்து போராடிய தாத்தார் தலைவர் முஸ்தஃபா ஜெமிலேவ் சொந்த ஊருக்குள் நுழையத் தடை வந்தது. தாத்தார்களின் பிரதிநிதிச் சபையான மெஜ்லிஸ் 2016இல் ரஷ்யாவில் தடைசெய்யப்பட்டது. கிரிகோரென்கோ நிறுவன உறுப்பினராக இருந்த மாஸ்கோ ஹெல்சிங்கி குழுவைக் கலைக்கும்படி 2023 ஜனவரியில் மாஸ்கோ நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது.